வேலை தெரியும், தாள் இல்லை

த்வாண்டேயில் பத்து வருடமாகப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. பி.ஜே. பாஸ்போர்ட், வெளிநாட்டு வேலைக்கான அட்டை, கம்பெனி கேட்கும் பயோடேட்டா என்று மாலையானால் யாராவது ஒரு கட்டு காகிதத்தோடு வந்துவிடுவார்கள். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் மளமளவென்று ஓடும். 'தொழில் தகுதி, நிலை' என்ற கட்டத்துக்கு வந்ததும் எதிரே இருப்பவர் என் முகத்தைப் பார்ப்பார். "கொத்து வேலைன்னு போடுங்க சார், இருபது வருஷமா அதான் செய்யறேன்" என்பார். சான்றிதழ் இருக்கா என்று கேட்டால், "அதெல்லாம் எதுக்கு சார், கட்டின வீட்டைக் காட்டுறேன்" என்பார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர் கட்டிய வீட்டைப் பார்த்தாலே வேலை தெரியும். ஆனால் அந்த வீட்டைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பூருக்கோ பாங்காக்குக்கோ போக முடியாது. அங்கே இருக்கிற மேலாளர் தாளைத்தான் பார்ப்பார். தாள் இல்லையென்றால் இருபது வருடக் கொத்தனாரும் நேற்று வந்த பையனும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும், ஒரே கூலியைத்தான் வாங்க வேண்டும். நம்ம ஆட்கள் கோயில் திருவிழாவில் பேசாத விஷயம் கிடையாது. இதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாட்டில் என்ன இருக்கிறது?

பலருக்குத் தெரியாத செய்தி, மியன்மாரில் இதற்கென்று ஓர் அரசு அமைப்பு இருக்கிறது என்பது. தேசியத் திறன் தர ஆணையம் 2007-ல் அமைக்கப்பட்டது. சுருக்கமாக என்.எஸ்.எஸ்.ஏ. என்பார்கள். தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. 2013 ஆகஸ்ட் 30-ஆம் தேதி வேலைவாய்ப்பு மற்றும் திறன் மேம்பாட்டுச் சட்டம் வந்தது. ஆளை வேலைக்கு எடுத்தால் 30 நாளுக்குள் ஒப்பந்தம் போட வேண்டும் என்று சொல்கிற அதே சட்டம்தான். தொழிலாளர் திறனை வளர்க்க ஒரு நிதி இருக்க வேண்டும், முதலாளிகள் தங்கள் தொழிலாளர் சம்பளத் தொகையில் 0.5 சதவீதத்துக்குக் குறையாமல் மாதாமாதம் அதில் செலுத்த வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது.

இந்த ஆணையம் தொழிலாளியை நான்கு நிலையாகப் பிரிக்கிறது. அரைத்திறன், முழுத்திறன், உயர்திறன், மேற்பார்வையாளர். கொத்து வேலையை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். ஒருவர் சொல்லச் சொல்லச் செங்கல் வைக்கத் தெரிந்தவர் முதல் நிலை. யாரும் பக்கத்தில் நிற்காமலே தூக்குக்குண்டு பிடித்து ஒரு சுவரை முடித்துக் கொடுப்பவர் இரண்டாம் நிலை. வரைபடத்தைப் பார்த்து வளைவும் படிக்கட்டும் கட்டத் தெரிந்து, எங்கே தப்பு நடந்தது என்றும் சொல்லத் தெரிந்தவர் மூன்றாம் நிலை. பத்துப் பேரை வைத்து வேலை வாங்கி, பொருள் கணக்கும் பாதுகாப்பும் பார்ப்பவர் நான்காம் நிலை. இந்த நான்காவது ஆளை நாம் தலைமுறை தலைமுறையாக மேஸ்திரி என்று அழைத்து வருகிறோம். ஆக, நிலைகள் நமக்குப் புதிதல்ல. அதைச் சோதித்து எழுதித் தருவதுதான் புதிது.

பயிற்சி நிலையங்களுக்கும் இந்த நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. இன்செயினில் உள்ள அரசுத் தொழில்நுட்பக் கல்விக்கூடம் 1895-ல் தொடங்கியது. சுவிட்சர்லாந்து உதவியோடு 2002-ல் யாங்கோனில் ஆரம்பித்த சி.வி.டி. நிலையம், வாரத்தில் ஒரு நாள் வகுப்பு, மற்ற நாள் வேலை என்ற முறையைக் கொண்டுவந்தது. சிங்கப்பூர் அரசு உதவியில் இன்னொரு தொழிற்பயிற்சி நிலையம் 2016-ல் திறக்கப்பட்டது. இவை நல்ல இடங்கள்தான். ஆனால் இவை இனிமேல் கற்கப் போகிற பிள்ளைகளுக்கு. ஏற்கெனவே கற்றுவிட்டு, மண்வெட்டியும் கரண்டியுமாக நாற்பது வயதில் நிற்கிற ஆளுக்கு வகுப்பு தேவையில்லை. அவருக்குத் தெரிந்ததை யாராவது வந்து பார்த்து எழுதித் தந்தால் போதும். என் கட்டுரையின் கோரிக்கை இது ஒன்றுதான்.

ஏன் நம்மிடம் வந்து சேரவில்லை?

நான் பார்த்தவரை மூன்று காரணம். முதலாவது, கூலி. இங்கிருந்து டலா போய், படகில் ஆற்றைக் கடந்து, யாங்கோனில் பரீட்சை எழுதித் திரும்ப ஒரு முழு நாள் போய்விடும். தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் என்றால் வீட்டில் ஒரு நாள் அரிசி. விண்ணப்பம் கொடுக்க ஒரு முறை, பரீட்சைக்கு ஒரு முறை, சான்றிதழ் வாங்க ஒரு முறை என்றால் மூன்று நாள். "அது கிடைச்சு எனக்கு என்ன ஆகப் போகுது?" என்று அவர் கேட்பதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லக் கூடாது. கணக்குப் போட்டுத்தான் கேட்கிறார்.

இரண்டாவது, எழுத்து. நம்ம ஆட்கள் பர்மிய மொழியைப் பர்மியரைப் போலவே பேசுவார்கள். ஆனால் நாலாம் வகுப்போடு நின்றவர்கள் எத்தனை பேர்? சிமெண்டுக்கு எத்தனை பங்கு மணல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர், அதே கேள்வியைத் தாளில் எழுத்தாகப் பார்த்தால் திணறிப் போகிறார். சோதிக்க வேண்டியது கொத்து வேலையை. அங்கே சோதனைக்கு வருவது வாசிப்பு.

மூன்றாவது, பயம். அடையாள அட்டை இளஞ்சிவப்பா, நீலமா, பச்சையா என்ற கேள்வி 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்திலிருந்து நம்மோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. அரசு அலுவலகப் படி ஏறினால் வேலையைப் பற்றிக் கேட்பார்களா, தாத்தாவைப் பற்றிக் கேட்பார்களா என்று தயங்குகிற குடும்பங்கள் இருக்கின்றன. பரீட்சையை நடத்துகிறவர்கள் இந்தத் தயக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தாள் என்ன செய்கிறது?

வெளிநாட்டில் இருக்கிற வாசகர்கள் இதைத் தினமும் பார்க்கிறீர்கள். சிங்கப்பூர் கட்டுமானத் துறையில் மியன்மாரிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்த ஒரு தொழிலாளிக்காக முதலாளி அரசுக்கு மாதம் தீர்வை கட்ட வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து, உயர்திறன் என்று பதிவான ஆளுக்கு 500 வெள்ளி, அடிப்படைத் திறன் ஆளுக்கு 900 வெள்ளி. ஒரே ஆள், ஒரே கை, தாளில் ஒரு சொல் மாறினால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். அந்த 400 வெள்ளியும் தொழிலாளி பையில் விழாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அடுத்த முறை சம்பளம் பேசும்போது அவர் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை.

ஜப்பானில் இது இன்னும் கூர்மையாக இருக்கிறது. 2019 ஏப்ரலில் தொடங்கிய 'குறிப்பிட்ட திறனாளர்' விசாவுக்குத் தொழில் பரீட்சையும் மொழிப் பரீட்சையும் உண்டு. முதல் வகை விசாவில் மொத்தம் ஐந்து வருடம்தான் இருக்கலாம், மனைவி மக்களைக் கூட்டிப் போக முடியாது. மேல்நிலைப் பரீட்சையில் தேறி இரண்டாம் வகைக்குப் போனால் மனைவி மக்களும் வரலாம், புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம். பிள்ளை வளர்வதை நேரில் பார்க்கிறோமா, போனில் பார்க்கிறோமா என்பதைத் தீர்மானிக்கிற அளவுக்கு ஒரு திறன் நிலை வந்து நிற்கிறது.

பக்கத்தில் இருக்கும் தாய்லாந்தில் திறன் தரத்தின் ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தபட்ச தினக்கூலியை அரசே அறிவிக்கிறது. கட்டடத்துக்குள் மின் வேலை செய்கிறவர் அறிவுச் சான்று வைத்திருக்க வேண்டும் என்று 2016 அக்டோபரிலிருந்து கட்டாயமாக்கிவிட்டார்கள். தப்பாகப் போட்ட ஒயர் ஆளைக் கொல்லும் என்பதுதான் அதன் காரணம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே வாங்கிய நிலைச் சான்று அந்த நாடுகளின் கதவைத் தானாகத் திறக்காது. ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் பரீட்சை தனி. ஆசியான் நாடுகள் ஒருவர் தகுதியை இன்னொருவர் ஒப்பிட்டுப் பார்க்க எட்டு நிலை கொண்ட ஒரு பொதுச் சட்டகம் வைத்திருக்கின்றன. அதுவும் ஒப்பிடுகிற அளவுகோல்தானே தவிர வேலை உத்தரவு இல்லை. "இந்த சர்ட்டிபிகேட் இருந்தா நேரா ஜப்பான்" என்று யாராவது ஏஜெண்ட் சொன்னால், தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஆனால் ஒரு முறை பரீட்சைக்கு நின்றவர் அடுத்த பரீட்சைக்குப் பயப்பட மாட்டார். உள்ளூர் கான்ட்ராக்டரிடம் பேசும்போதும், கையாள் கூலிக்கும் கொத்தனார் கூலிக்கும் உள்ள வித்தியாசத்தைத் துணிந்து கேட்பார்.

கூலிக்கு அப்பால்

கூலியோடு இந்த விஷயம் முடிந்துவிடுவதில்லை. 2025 மார்ச் 28-ஆம் தேதி சகாயிங், மண்டலே பக்கம் 7.7 அளவில் பூமி குலுங்கியது. அதே நாளில் பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த அரசுத் தணிக்கை அலுவலகக் கட்டடம் இடிந்து விழுந்தது. இறந்தவர்களில் நம் நாட்டிலிருந்து போன கூலிகளும் இருந்தார்கள். அந்த இடிபாட்டுக்குத் தொழிலாளியைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. வரைபடம், பொருள், மேற்பார்வை என்று பொறுப்பாளிகள் மேலே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆனால் நம் ஊரில் இரண்டு மாடி வீட்டுக்கு இன்ஜினியர் வருவது அபூர்வம். மேஸ்திரிதான் எல்லாம். தூணில் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற ரிங்கின் நுனியைச் செங்கோணமாக 90 டிகிரியில் மடக்கி விட்டால், பெரிய அதிர்ச்சியில் அது பிரிந்துகொள்ளும். 135 டிகிரியில் உள்பக்கமாக மடக்கினால் கான்கிரீட்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கம்பி அதே கம்பி, செலவும் ஏறக்குறைய அதேதான். கலவை சுலபமாக ஓடட்டும் என்று ஒரு வாளி தண்ணீரைக் கூட ஊற்றினால் தூணின் பலம் குறையும். இவை பெரிய படிப்பு இல்லை. யாராவது பக்கத்தில் நின்று ஒரு முறை காட்டி, "நீ மடக்கு பார்க்கலாம்" என்று சோதித்தால் ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். திறன் தரம் என்பதற்கு உண்மையான அர்த்தம் இதுதான். சகாயிங் பிளவு மண்டலேயோடு நின்றுவிடவில்லை, தெற்கே பகோ பக்கமும் வருகிறது. 1930 மே மாதம் பகோவைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்தை யாங்கோனும் உணர்ந்தது.

மற்ற தமிழர்கள் இருக்கும் இடங்களில்

அனுபவத்தைச் சோதித்துச் சான்று தருவது நடக்காத காரியம் இல்லை. மலேசியாவில் 2006-ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஐந்து நிலை இருக்கிறது. அங்கே பி.பி.டி. என்று ஒரு வழி உண்டு. வகுப்புக்குப் போகாமல், தான் செய்த வேலைக்கான ஆதாரங்களை ஒரு கோப்பாகத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டாளர் வந்து பார்த்துச் சான்று பெறுவது. தோட்டத்தில் வளர்ந்து பட்டறையில் தொழில் கற்ற பிள்ளைகளுக்கு ஏற்ற வழி அது. இலங்கையில் தேசியத் தொழில் தகைமைக்கு ஏழு நிலை. அங்கேயும் முன் அனுபவத்தை மதிப்பிட்டு நிலை கொடுக்கிற முறை இருக்கிறது, தமிழிலும் நடக்கிறது. வகுப்பறை பார்க்காத மெக்கானிக் ஒருவர் தன் மொழியில் பதில் சொல்லிச் சான்று வாங்க முடிகிறது என்றால், நமக்கு மட்டும் ஏன் முடியாது?

இந்தியாவிலிருந்து ஓர் எச்சரிக்கையும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே 2013-ல் பத்து நிலையோடு வந்த தேசியத் திறன் தகுதிச் சட்டகம், 2023-ல் எட்டு நிலையாகத் திருத்தப்பட்டது. இடையில் அரசு அமைத்த சாரதா பிரசாத் குழு, எண்ணிக்கையைக் காட்டுவதற்காகக் குறுகிய காலப் பயிற்சிகளைப் பெருக்கியதையும், பயிற்சி தருகிறவர்களும் தரம் நிர்ணயிக்கிறவர்களும் நெருங்கி நின்றதையும் கடுமையாகக் குறை சொன்னது. சான்றிதழ் மலிந்தால் முதலாளி அதை மதிப்பதை நிறுத்திவிடுவார். நஷ்டம் உண்மையாகக் கற்றவனுக்குத்தான். ஆகவே சலுகைப் பரீட்சை வேண்டாம். வேலை தெரியாதவரைத் தேறவில்லை என்று சொல்லுகிற பரீட்சையே வேண்டும். அது நம் வாசலுக்கு வர வேண்டும் என்பதுதான் கேட்பது.

குயவுக்கும் ஒரு நிலை

த்வாண்டே என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது பானைதான். இங்கே ஒருவர் சக்கரத்தைச் சுற்ற, இன்னொருவர் மண்ணை ஏற்றுவார். மழைக்காலத்தில் பச்சைப் பானை காயாமல் நிற்கும். சூளைக்குள் நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்லுகிற கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் குடமும் அலுமினியப் பாத்திரமும் வந்து சந்தையைத் தின்ற பிறகும் சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. பகானில் அரக்கு வேலைக்கு 1924-லேயே அரசுப் பள்ளி வந்துவிட்டது. அமரபுராவில் நெசவுக்கு அதற்கும் முன்பே, 1914-ல், சாண்டர்ஸ் பள்ளி வந்தது. குயவுத் தொழிலுக்கும் நிலை ஏணி ஒன்று வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத் தமிழ்நாடு நன்றாகவே விவாதித்துவிட்டது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் குயவர், கொல்லர், தச்சர் உள்ளிட்ட 18 தொழில்கள் இருந்தன. குடும்பத் தொழில் செய்பவருக்கே உதவி என்ற நிபந்தனை, பிள்ளையை அப்பன் தொழிலிலேயே கட்டிப் போடும் என்று தமிழ்நாடு அரசு அதை ஏற்கவில்லை. மாறாக 2025 ஏப்ரலில் 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று வயது வரம்பும் வைத்தார்கள். இளம் பிள்ளைகள் படிப்பை விட்டுவிடக் கூடாது என்பதற்காக.

நான் இதில் தமிழ்நாட்டின் பக்கம். கை செய்வதை அளந்தால் போதும், யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்க வேண்டாம். குயவர் மகள் எலக்ட்ரீஷியன் நிலைக்குப் பரீட்சை எழுதட்டும். ஆசை உள்ள வேறு வீட்டுப் பிள்ளை சக்கரத்தில் உட்காரட்டும். மேலே ஏறவும், வேண்டாமென்றால் வேறு தொழிலுக்கு மாறவும் உதவினால்தான் அது ஏணி.

நாம் செய்யக்கூடியது

அரசு செய்யட்டும் என்று காத்திருந்தால் இன்னொரு தலைமுறை போய்விடும். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, பிள்ளைகள் கிடைத்த வழியில் வெளியே போகிறார்கள். அவசரமாகப் போகிறவன்தான் அடிமட்டக் கூலிக்குச் சிக்குவான்.

ஊரில் இருக்கும் கோயில் கமிட்டிகளுக்கும் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மண்டபம் வருடத்தில் பல நாள் சும்மாதான் கிடக்கிறது. ஐம்பது கொத்தனார், இருபது வெல்டர், பத்து எலக்ட்ரீஷியன் என்று பெயர்ப் பட்டியல் எடுத்து, மதிப்பீட்டாளர்களை இங்கே வரவழைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேள்வி கேட்கவும், வாசிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து வாசித்துச் சொல்லவும் அனுமதி கேளுங்கள். பர்மிய, கரென் தொழிலாளிகளையும் பட்டியலில் சேருங்கள். கோரிக்கை ஊரின் கோரிக்கையாக இருந்தால்தான் காதில் விழும்.

தொழிலாளிகளுக்கு ஒன்று. ஒரு நோட்டு வாங்குங்கள். எந்த வருடம், எந்த ஊர், யாரிடம், என்ன வேலை, எத்தனை மாதம் என்று எழுதி வையுங்கள். எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகிற மகளை எழுதச் சொல்லுங்கள். வேலை பாதியில் இருக்கும்போதும் முடிந்த பிறகும் போனில் படம் எடுங்கள். முதலாளியிடம் நான்கு வரிக் கடிதமும் கையெழுத்தும் கேளுங்கள். எந்த நாட்டில் எந்த மதிப்பீட்டாளர் வந்தாலும் முதலில் கேட்பது இந்த ஆதாரங்களைத்தான்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே, அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளே, உங்களிடம் கோயில் கோபுரத்துக்குக் கேட்டோம், அன்னதானத்துக்குக் கேட்டோம், நீங்களும் கொடுத்தீர்கள். இந்த முறை பரீட்சைக்குப் போகிற ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலியைக் கொடுங்கள். உங்களில் சைட் இன்ஜினியர், வெல்டிங் இன்ஸ்பெக்டர், பாதுகாப்பு அதிகாரி என்று இருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வீடியோ காலில் வந்து, ரிங் எப்படி மடக்குவது, எர்த் ஒயரை ஏன் விடக் கூடாது என்று தமிழில் சொல்லிக் கொடுங்கள். ஒரு வருடத்தில் த்வாண்டேயிலிருந்து பத்துப் பேர் இரண்டாம் நிலைச் சான்றோடு நின்றால், அடுத்த வருடம் நூறு பேர் தாங்களாகவே வந்து பெயர் கொடுப்பார்கள். இந்த மழைக்காலம் முடிந்து கட்டட வேலை சூடுபிடிப்பதற்குள் முதல் பட்டியலைத் தயார் செய்துவிடலாம்.